ஷிப்ட் கோட்டும் புது சைக்கிளும்

தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்த உங்களில் பாதிப் பேர் இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறீர்கள். மீதிப் பேர் சர்க்கரைக்காகக் காலையில் கைவீசி நடக்கிறீர்கள். இந்த வயதில் நான் ஒரு புது சைக்கிள் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஏற்கெனவே சிரித்தும் ஆயிற்று. ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் நான் அதை முதல் நாள் நிறுத்தியபோது, நம்மோடு ஐந்தாவது படித்தவன் ஒருவன் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா, ஹேண்டில்பாரு கெடா கொம்பு மாதிரி வளஞ்சு கீது. முட்டுமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். எழுதும்போது எதிரில் யாரும் நிற்பதில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஏன் ஐந்தாவதோடு நின்றேன் என்பதும் இதில் வருகிறது.

டூரிங் சைக்கிள் என்று இதற்குப் பெயர். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டி. கரும்பச்சை நிறம், இரும்புச் சட்டம், கொஞ்சம் அகலமான டயர். பின்னால் இரண்டு பக்கமும் பை மாட்டிக்கொள்ளக் கேரியர் இருக்கிறது. முன்னால் மூன்று, பின்னால் ஒன்பது பல்சக்கரங்கள். ஏற்றம் வந்தால் விரலால் ஒரு தட்டு; பெடல் இளகிவிடும். பெங்களூரில் நான் கார் சீட் கவர் தைக்கும் கடைக்கு எதிர் வரிசையில்தான் அந்த சைக்கிள் கடை. கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்துவிட்டு நான்கு மாதம் உள்ளே போகாமல் ரயிலைப் பிடிக்க நடந்தேன். ஒரு நாள் மழைக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. அப்படித்தான் உள்ளே போனேன். மகன் ஸ்கூட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னான். எனக்கு சைக்கிள்தான் வேண்டும் என்றேன். இது வேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். அதனால் அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

வாங்கிய முதல் வாரங்களில் காரணமே இல்லாமல் ஓட்டினேன். பேத்தமங்கலம் ஏரிக்கரை வரை போய், ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். இறக்கத்தில் காலை நிறுத்தினால் பின் சக்கரம் வண்டு மாதிரி ஒரு சத்தம் போடும். அதைக் கேட்பதற்காகவே காலை நிறுத்துவேன். டிசம்பர் வந்தது. நம் ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். ஆறரை மணிக்கு எதிரே வரும் ஆளின் முகம் தெரியாது, இருமல் மட்டும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகள் வயதில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சைக்கிளில் போகிறார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு பெண். கம்ப்யூட்டர் வேலை, வாரக் கடைசியில் இங்கே வந்துவிடுவாள். என் சைக்கிளைப் பார்த்து அவளே கூப்பிட்டாள். நான் முதல் நாள் போனபோது, பனியன், முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் மகனுடைய ஜெர்கின், காதை மூடிய மங்கி குல்லா, கழுத்தில் மப்ளர் எல்லாம் போட்டிருந்தேன். அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். தனக்கு எண்பது நெருங்கும் இந்த வயதிலும், நான் வெளியே கிளம்பினால் ஸ்வெட்டர் எங்கே என்று கேட்பார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அங்கிள், வண்டி எடுக்கறப்ப கொஞ்சம் குளுரணும். குளுரலன்னா துணி ஜாஸ்தி."

ஸ்வெட்டரையும் குல்லாவையும் மப்ளரையும் கழற்றிப் பையில் வைக்கச் சொன்னாள். வேர்வையை உறிஞ்சாமல் வெளியே விடும் மெல்லிய பனியன் ஒன்று, அதன்மேல் சட்டை, அதன்மேல் காற்றை மட்டும் தடுக்கும் லேசான ஜாக்கெட், அவ்வளவுதான் வேண்டும். கைக்கு உறை, காதுக்கு ஒரு பட்டி போதும். ஏற்றத்தில் ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்துவிட வேண்டும், இறக்கத்தில் மூட வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் பத்து நிமிடம் பல் கிட்டியது. பிறகு உடம்பு தானே சூடேறிக்கொண்டது. ஏற்றத்தில் ஜிப்பைத் திறந்தேன். காற்று சட்டைக்குள் புகுந்தது.

அந்தப் பெண் சொன்னது எனக்குப் புது விஷயம் இல்லை. பத்து வயதில் நம் ஊர் நந்திதுர்க் ரோட்டில் நானே அதைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஷிப்ட் கோட்டைச் சொல்ல வேண்டும். என் மகன் சுரங்கத்துக்குள் குளிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். கீழ் லெவல்களில் பாறையைத் தொட்டால் கை சுடும் என்பதும், அரை டிராயரோடு நின்றாலும் வேர்வை பூட்ஸுக்குள் இறங்கித் தேங்கும் என்பதும் நம் வீட்டு ஆண்கள் சொல்லித்தான் நமக்கே தெரியும். எட்டு மணி நேரம் அந்தச் சூட்டில் வெந்துவிட்டு, மேலே தூக்கிவரும் கேஜ் கூண்டில் ஏறினால், சில நிமிடத்தில் மேலே மார்கழிக் குளிர். வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் நெஞ்சு பிடித்துக்கொள்ளும் என்பது எல்லா லைனிலும் சட்டம். கேஜிலிருந்து வெளியே வந்ததும் ஆணியில் மாட்டியிருக்கும் கோட்டை எடுத்துக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொள்வார்கள். பட்டாளத்திலிருந்து கழித்துவிட்ட தடித்த கம்பளிக் கோட்டுகள். அதைப் போடாமல் வந்து விறைத்துப்போனவர்கள் கதை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. குளிரைப் பற்றி நம் அப்பாக்களுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்.

நான் ஐந்தாவது படித்த வருடம் நவம்பர் கடைசியில் அப்பா சைக்கிள் வாங்கினார். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே வந்தார். ஹேண்டில்பாரில் சுற்றிய பழுப்புக் காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. கறுப்பு வண்டி, முழுச் செயின் கவர், டைனமோ விளக்கு, அகலமான கேரியர். அம்மா புத்தர் படத்துக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்தாள். அப்பா ஷிப்டுக்கு ஓட்டிப்போகத்தான் வாங்கியிருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர், "இது இவனுக்கு" என்றார்.

லைன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுவரைதான். ஆறாவதுக்கு ஆண்டர்சன்பேட்டைக்கு அப்பால் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது இரண்டு முறை சளி கட்டி மூச்சு வாங்கியிருக்கிறது. அதனால் அவ்வளவு தூரம் குளிரில் என்னை நடத்தி அனுப்ப முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். நேரத்துக்கு பஸ் கிடையாது. நடக்க வேண்டாம், சைக்கிளில் போகட்டும் என்பது அப்பாவின் யோசனை. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் ஜனவரி முடிவதற்குள் வாத்தியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும். அதற்குள் நான் ஓட்டப் பழக வேண்டும்.

எனக்கு அங்கே போக வேண்டும் என்று ஆசை. ஒரு முறை அப்பாவோடு அந்தப் பக்கம் போனபோது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறேன். நாம் தரையில் பலகை போட்டு உட்கார்ந்தோம். அங்கே ஒவ்வொரு பையனுக்கும் மூடி வைத்த மேசை. மூடியைத் தூக்கினால் உள்ளே புத்தகம் வைக்க இடம். வெளியே தகரக் கொட்டகையில் வரிசையாக சைக்கிள்கள். அந்த மேசையில் எதை எந்தப் பக்கம் வைப்பது என்று படுக்கையில் யோசித்துக்கொண்டிருப்பேன். இதை நான் வீட்டில் சொன்னதில்லை. நான் எதையும் சொல்கிற பிள்ளையாக இருந்ததில்லை.

சீட்டில் உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டாது. பாருக்குக் கீழே காலை விட்டு, இடுப்பை ஒரு பக்கம் வளைத்துக்கொண்டு ஓட்டப் பழகினேன். ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நானும் கிளம்புவோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அவர்கள் வீட்டில் எல்லாரும் சர்ச்சுக்குப் போய்விடுவதால் ஞாயிறு காலையில் அது சும்மா நிற்கும். அப்பா அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பௌத்தர்களான எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கென்று வழிபாடு எதுவும் இல்லை, ஊர் சுற்றலாம்.

அப்பாவுக்கு லெவல் நம்பர்கள் எல்லாம் மனப்பாடம். பூமிக்கு மேலே மூன்று மைல் தாண்டினால் எந்த ஊர் என்று தெரியாது. எதிரே வருகிறவர்களிடம் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஊர்ப் பெயர் கேட்டுக்கொண்டே வருவார். கேட்டதை எனக்குச் சொல்வார். ராகி அறுத்த வயலில் பனி கிடக்கும். வழியில் வண்டியை நிறுத்தி, ஒரு புளியமரத்தடியில் அம்மா கட்டிக் கொடுத்த தோசையைத் தின்போம். தோசை ஆறி வளையாமல் இருக்கும். அவ்வளவு ருசியாக நான் பிறகு தோசை தின்றதில்லை. அப்பா இளவெயிலில் முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கிளம்புவதற்கு முன்னால் என்னை உடுத்துவதுதான் பெரிய வேலை. அம்மா இரண்டு பனியன் போட்டு, சட்டை போட்டு, பள்ளிக்கூட ஸ்வெட்டரைப் போடுவாள். அப்பாவின் பழைய சாக்ஸை முழங்கால் வரை இழுத்து நூலால் கட்டுவாள். மங்கி குல்லா. அதன்மேல் மப்ளரை மூக்கு வரை சுற்றி, மிச்சத்தை நெஞ்சில் குறுக்காக விட்டு ஊக்குக் குத்துவாள். கை பக்கவாட்டில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படியே கொண்டுபோய் வண்டியில் நிறுத்துவார்கள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஓர் ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு இறுகி, தொண்டையில் விசில் மாதிரி சத்தம் வந்தது. உள்ளே பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. இறக்கத்தில் அந்த ஈரம் ஐஸாகக் குளிர்ந்து, திரும்பி வரும்போது உடம்பு நடுங்கியது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர் ஏறியிருக்கிறது என்று அடுத்த வாரம் இன்னொரு ஸ்வெட்டர் சேர்ந்தது. அந்த வாரம் இன்னும் சீக்கிரமே மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டு அக்கா என் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இவனுக்கு நெஞ்சு கூடு மாதிரி இருக்கிறது, உள்ளே பலம் இல்லை என்றாள். ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் என் மேல் ஒரு துணி ஏறியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அப்பாவுக்கு நைட் ஷிப்ட். விடிந்ததும் வீட்டுக்கு வந்தவர் தன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டார். அது என் முழங்காலுக்குக் கீழே வந்தது. அம்மா கையை இரண்டு மடிப்பு மடித்து நூல் ஓட்டினாள். வெடிமருந்துப் புகையும் கல் தூசியும் பீடியும் கலந்த வாசனை அதில் அடித்தது.

"உங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்கு இன்னா, நாலு எட்டு. ஓடியாந்துடுவேன்."

சொன்னபடியே செய்தார். அந்த வாரம் முழுதும், கேஜிலிருந்து வெளியே வந்ததும் சட்டையோடு, இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக இறுக்கிக்கொண்டு, லைன் வரை ஓடி வருவார். புது சைக்கிள் வீட்டில் நிற்கும். அவர் ஓடி வருவார். மற்ற ஆண்கள் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நிதானமாக நடந்து வருவார்கள். ஒருவர் எங்கள் வாசலில் நின்று, "இன்னா மாமா, உன் கோட்டு ஸ்கூலுக்குப் போவப்போவுதாமே, எத்தினியாவது கிளாசு?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அன்றைக்கு அவருக்கு இருமல் ஆரம்பித்திருந்தது. நான் உள்ளே கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்.

பள்ளிக்கூடம் போவதற்கு முன் விடியலில் தனியாகப் பழகுவேன். ஒரு நாள் நந்திதுர்க் ரோட்டில், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேட்டுக்குப் பக்கத்தில், கோட்டின் கீழ் ஓரம் செயினுக்கு அருகே சிக்கி விழுந்துவிட்டேன். அடி இல்லை. கோட்டில் கிரீஸ் பட்டால் அப்பா என்ன சொல்வாரோ என்று பயந்து அதைக் கழற்றினேன். மடித்துக் கேரியரில் வைத்தேன். மப்ளரும் அதோடு போயிற்று. உள்ளே வேர்த்திருந்ததால் இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றினேன். சட்டையோடு ஏறினேன்.

முதலில் குளிர் கத்தி மாதிரி இறங்கியது. வேகமாக மிதித்தேன். மண் மேட்டைச் சுற்றிய ஏற்றம் வந்தது. மூச்சு வாங்கப்போகிறது என்று காத்துக்கொண்டே மிதித்தேன். வரவில்லை. மேலே போய் நின்று பார்த்தேன். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியதே தவிர விசில் சத்தம் இல்லை. நம்பாமல் கீழே வந்து மறுபடியும் ஏறினேன். மூன்று முறை ஏறினேன். உடம்பிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. வெள்ளை மண் மேட்டுக்கு மேல் சூரியன் வந்தது. அந்தக் காலை நேரம் இன்னும் எனக்கு அப்படியே இருக்கிறது. என் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

லைன் திருப்பத்துக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் மறுபடி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதன் பிறகு தினமும் அப்படித்தான். தெருவைத் தாண்டியதும் கழற்றுவேன், திரும்பும்போது மாட்டிக்கொள்வேன்.

நீங்கள் கேட்பீர்கள், ஏன் சொல்லவில்லை என்று. அப்பா எனக்காகக் குளிரில் ஓடி வருவதை லைனே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டுதான் எனக்கு ஆகவில்லை என்று சொன்னால் அவர் ஓடியதெல்லாம் எதற்கு? சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவர் இருமுவார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன்.

ஜனவரி நடுவில் அம்மா ஒரு பேச்சில் முடித்தாள். பூதிகோட்டையில் அத்தை வீடு. நெஞ்சு கட்டாமல் அத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பி வரட்டும், வந்தால் வாத்தியாரிடம் பெயர் கொடுங்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பேச்சே வேண்டாம் என்றாள். அப்பா சரி என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பனி அதிகம். அம்மா எனக்கு எல்லாம் உடுத்தி முடித்ததும் அப்பா கோட்டை விரித்துப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். நான் கையை நுழைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அப்பா கூடவே வந்ததால் வழியில் கழற்ற முடியவில்லை. காமசமுத்திரம் வரை சமாளித்தேன். அதைத் தாண்டி ஓர் ஏற்றத்தில் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. மப்ளர் என் மூச்சில் நனைந்து வாயை அடைத்தது. ஏற்றத்தின் பாதியில் வண்டியைப் போட்டுவிட்டுக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். விசில் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. அப்பா முதுகைத் தடவினார். ராகி மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று நம் ஊர்ப் பக்கம் வந்தது. இரண்டு சைக்கிள்களையும் மூட்டை மேல் போட்டு எங்களை ஏற்றிக்கொண்டார்கள். பூதிகோட்டைக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை.

அன்று மாலை அம்மா கற்பூரம் கரைத்த எண்ணெயை என் நெஞ்சில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீயே சொல்லு. உன்னால போவ முடியுமா, முடியாதா?"

அம்மாவின் கை நின்றது. கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் முடியும் என்று சொல்ல வேண்டும். மூன்று வார்த்தைதான். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்து அதுவரை நான் கண்டதில்லை.

"முடியாதுப்பா" என்றேன்.

அவர் எழுந்து, கோட்டைக் கையில் எடுத்து, அம்மா ஓட்டியிருந்த நூலைப் பல்லால் கடித்துப் பிரித்து, மடிப்பை இறக்கிவிட்டார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நைட் ஷிப்டுக்குப் போனார். மறுநாள் விடியலில் மற்றவர்களோடு சேர்ந்து கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையிலேயே நிம்மதியாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் போயிற்று என்பது ஜூன் மாதம்தான் எனக்கு உறைத்தது. உங்களில் நான்கு பேர் புதுப் பையோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போனீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். அந்த சைக்கிளை அப்பா சுரங்கம் மூடும்வரை ஓட்டினார். அதற்கு அப்புறம் யாருக்கோ கொடுத்தார். கோட்டு எங்கே போயிற்று என்று அம்மாவுக்கே தெரியவில்லை. நான் தையல் கற்றுக்கொண்டு பெங்களூர் ரயிலில் போக ஆரம்பித்தேன். கணக்குக் கூட்டவும் பெயர்ப் பலகை படிக்கவும் எனக்குப் படிப்புப் போதும். குறை என்று சொல்ல வரவில்லை.

இந்த ஜனவரியில் அந்தப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டைக்குப் போகலாம் என்றார்கள். நான் மெல்லிய பனியனும் சட்டையும் ஜாக்கெட்டும் மட்டும் போட்டுக்கொண்டு போனேன். காமசமுத்திரத்தைத் தாண்டிய ஏற்றம் வந்தது. ஜிப்பைத் திறந்துவிட்டு, கியரைத் தட்டிவிட்டு, பேசிக்கொண்டே ஏறினேன். மேலே போனதும்தான் இதுதான் அந்த இடம் என்று கவனித்தேன். பூதிகோட்டையில் இட்லி தின்றோம். பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு, போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது நான்கு எட்டு நடந்தாலே அவருக்கு இளைக்கிறது. எங்கே போனேன் என்று கேட்டார். சொன்னேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனாயா என்றார். இல்லை என்றேன். இல்லாமல் மூச்சு வாங்கவில்லையா என்றார். அப்போது சொல்லிவிட்டேன். அந்தக் கோட்டு போட்டால்தான் வாங்கும், போடாவிட்டால் வாங்காது, அது எனக்கு அப்போதே தெரியும் என்றேன். இவ்வளவு வருடம் கழித்து எனக்கு அது கஷ்டமாகவே இல்லை.

அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாளு ஷிப்ட் உட்டு வரச்சொல்ல, நந்திதுர்க் ரோட்டுல உன்னப் பாத்தேன்" என்றார். "சட்டையோட போய்க்கினு இருந்த. மேட்டுல ஏறி எறங்கி, ஏறி எறங்கி. அவ்ளோ வேகம்."

அவர் பார்த்தது எனக்குத் தெரியாது என்றேன்.

"தனியா உட்டா பறக்கறான், நம்ம முன்னாடி இளைக்கறான். ஸ்கூலுக்குப் போவ இஷ்டமில்லாம நடிக்கறான்னு நெனச்சேன். அதான் அன்னைக்கு உன்னயே கேட்டேன். நீ முடியாதுன்ன. இஷ்டமில்லாதவன அடிச்சு அனுப்பி இன்னா ஆவப்போவுதுன்னு உட்டுட்டேன்."

நாற்பது வருடமாக அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாளும் அதை வைத்து என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை.

"நடிக்கலப்பா" என்றேன். "எனக்கு ஆறாவது போவணும்னுதான் இருந்துச்சு."

அப்பா போர்வையை நெஞ்சில் இழுத்துக்கொண்டார். சுரங்கத்து வேலையில் நாங்கள் வேர்த்த பிறகு கோட்டுப் போடுவோம் என்று ஏதோ கணக்குப் பார்ப்பவர் போல மெதுவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உனுக்கு வேக்கறதுக்கு முன்னாடியே மாட்டி உட்டுட்டேன், இல்ல?"

நான் ஆமாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன பிடித்திருந்தது என்று கேட்டார். நான் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மூடி வைத்த மேசையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.